உப்புக்காற்றும் மூன்றாவது முனையும்

நுழையும்முன்

வீட்டில் பாட்டுக் கேட்பதை ஆபத்தான செயல் என எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் கடற்கரை ஊர்களில் மின்னிணைப்புகள் உள்நாட்டு ஊர்களைக் காட்டிலும் விரைவாகப் பழுதடைகின்றன. அந்தப் பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை, பாட்டும் நிற்பதில்லை. மரக்காணத்து உப்பளக் கரையை முன்வைத்து, வீட்டு ஒலிக்கருவிகளைப் பயன்படுத்துவதில் கொள்ளவேண்டிய மின்பாதுகாப்பை இப்பாடம் விளக்குகிறது.

நெய்தல் நிலத்து இசை

புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் அடையாளம் உப்பளங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்திகளைச் செப்பனிட்டு, உவர்நீரைத் தேக்கி, வெயிலில் வற்றச்செய்து உப்பு வாருகின்றனர். அடுத்த பருவமழை தொடங்கும்வரை இத்தொழில் நடைபெறுகிறது. கோடையில் இவ்வழியே செல்பவர், பாத்திகளின் ஓரத்தில் வெண்ணிறக் குவியல்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இந்தக் கரைக்கும் இசைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, சீறியாழ் இசைக்கும் பாணனை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துகிறது. நூலாசிரியர் நத்தத்தனாரின் ஊராகிய நல்லூர் அமைந்த இடைக்கழிநாடு, மரக்காணத்திற்கு வடக்கே அண்மையில் உள்ளது. நூலில் வரும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய பகுதியே என்பது ஆய்வாளர் கருத்து. உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளும் அந்நூலில் காட்சியாகின்றன. இந்த உப்புக்காற்றில் யாழின் நரம்பு கெட்டுவிடுமோ என்னும் கவலை பாணனுக்கு இருந்திருக்கலாம். தன் உயிரைப் பற்றிய கவலை இருந்திருக்க வழியில்லை.

இன்று நிலைமை வேறு. உப்பள வேலை விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. வீடு திரும்பியவர் ஆம்ப்ளிபயரின் விசையைத் தட்டிப் பாட்டைக் கேட்டுக்கொண்டே கைகால் கழுவுவது இயல்பான காட்சி. அந்தக் கையில் வியர்வையும் உவர்நீரும் இருக்கும். காலில் செருப்பு இராது. தரை ஈரமாக இருக்கும். நாள்தோறும் உவர்நீரில் நிற்பதால் விரலிடுக்குகளில் வெடிப்பும் இருக்கும். மின்சாரத்தின் நோக்கில் பார்த்தால், பாதை முழுவதும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஓம் விதி சொல்வது

வீடுகளுக்கு வழங்கப்படும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. நொடிக்கு 100 முறை திசை மாறுவது. உடலைத் தாக்குவது மின்னழுத்தம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், உடலின் வழியே பாயும் மின்னோட்டத்தின் அளவும் அது பாயும் நேரமும்தாம் தீங்கைத் தீர்மானிக்கின்றன. ஏறத்தாழ 1 மில்லிஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்ற உணர்வு தோன்றும். 10 மில்லிஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். மின்சாரம் ஆளைப் பிடித்துக்கொண்டது என ஊரார் கூறுவது உண்மையில் இதைத்தான். பிடித்துக்கொள்வது மின்சாரமன்று, அவருடைய கையின் தசையே. 50 மில்லிஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் மார்பின் வழியே ஒரு நொடி பாய்ந்தாலும், இதயத்தின் சீரான துடிப்பு குலைந்து வெறும் நடுக்கமாக மாறக்கூடும்.

பத்தாம் வகுப்பில் பயின்ற ஓம் விதியை இங்கே பொருத்திப் பார்க்கலாம். காய்ந்த, வெடிப்பற்ற தோலின் மின்தடை ஒரு இலட்சம் ஓம் அளவுக்கு இருக்கக்கூடும். அந்நிலையில் 230 வோல்ட்டைத் தொட்டால் பாய்வது 2.3 மில்லிஆம்பியர், கை உதறும், அவ்வளவே. நனைந்த தோலின் தடையோ ஏறத்தாழ 1000 ஓமுக்கு இறங்கிவிடும். இப்போது பாய்வது 230 மில்லிஆம்பியர். கருவி அதே கருவி. தொடுபவரும் அதே மனிதர். முந்தாநாள் தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்னும் துணிவு பிழையாவது இந்தக் கணக்கினால்தான்.

உப்பு உறங்கும் நேரம்

உப்புக் குவியல் பகலில் பொலபொலவென உதிரும், இரவில் கசியும். உப்பளத்தார் அனைவரும் அறிந்த இவ்வுண்மைக்கு அறிவியல் காரணம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது, சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை ஈர்த்துத் தானே கரையத் தொடங்குகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இதற்கும் முந்திக்கொள்ளும். அதற்கு 33 விழுக்காடு ஈரப்பதமே போதும்.

கடற்காற்று உப்பின் நுண்துகள்களைச் சுமந்துவந்து, சுவரிலும் மின்செருகியிலும் ஆம்ப்ளிபயரின் காற்றுத் துளைகளிலும் படியச் செய்கிறது. நண்பகலில் அது வெறும் தூசி. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துவதில்லை. இரவில் ஈரப்பதம் ஏறியதும் அதே தூசி, கண்ணுக்குப் புலனாகாத உவர்நீர்ப் படலமாக மாறுகிறது. உவர்நீர் நல்ல கடத்தி. செருகியின் இரு முனைகளுக்கும் இடையே அப்படலத்தின் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் கசிகிறது. கசியும் இடம் சூடேறி, நெகிழியைக் கரியாக்குகிறது. கரியும் கடத்தியாதலால் அடுத்த இரவில் கசிவு கூடுகிறது. பல நாட்கள் இவ்வாறு நிகழ்ந்தபின் ஒருநாள் தீப்பொறி தெறிக்கிறது.

பகலில் நன்றாக இயங்கும் கருவி இரவில் மட்டும் சடசடவென ஒலிப்பதும், செருகியின் அடியில் மீன் பொசுங்கியது போன்ற நெடி எழுவதும், முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருப்பதும் இதன் அறிகுறிகள். களிம்பு பூத்த செருகியைச் சுரண்டித் துடைத்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. மேற்பூச்சு உரிந்த பித்தளை முன்னைவிட விரைவாக அரிக்கப்படும் என்பதால், அதை மாற்றிவிடுவதே முறை.

நீளமான முனை

மூன்று முனைச் செருகியை உற்று நோக்கினால், ஒரு முனை மற்ற இரண்டினும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பது தெரியும். மக்கள் ‘எர்த்’ என்று வழங்கும் புவியிணைப்பு முனை அது. செருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது இறுதியில் விலக வேண்டும் என்பதற்காகவே அதற்கு அந்த நீளம். கருவி இயங்குவதற்கு இம்முனை தேவையில்லை. மின்னோட்டக் கம்பியும் நடுநிலைக் கம்பியும் இருந்தாலே பாட்டுக் கேட்கும். மூன்றாவது முனையைப் பலர் பொருட்படுத்தாமல் விடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆம்ப்ளிபயரின் இரும்பு உறை, புவியிணைப்புக் கம்பியின் வழியே மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே மின்மாற்றியின் காப்புறை நைந்து, மின்னோட்டக் கம்பி உறையைத் தொட்டுவிட்டதாகக் கொள்வோம். புவியிணைப்பின் மொத்தத் தடை 5 ஓம் என்றால், 46 ஆம்பியர் மண்ணுக்குப் பாயும். 5 ஆம்பியர் உருகி அக்கணமே அறுந்துவிடும். கருவி அணைந்து, ஏதோ பழுது என்பது வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

புவியிணைப்பின் தடை 200 ஓமாக உயர்ந்திருந்தால் நிகழ்வது வேறு. அப்போது பாய்வது 1.15 ஆம்பியர் மட்டுமே. உருகி அறுவதில்லை, பாட்டும் நிற்பதில்லை. ஆனால் ஆம்ப்ளிபயரின் உறை முழுவதும் ஏறத்தாழ 230 வோல்ட் அழுத்தத்தில், கைபடும் நேரத்தை எதிர்நோக்கி நிற்கிறது. உருகி காப்பது கம்பிகளையே, ஆளை அன்று. ஓர் உயிரைப் போக்கும் மின்னோட்டம், 5 ஆம்பியர் உருகியைப் பொறுத்தவரை ஒரு சிறு விளக்கின் சுமைக்கு ஒப்பானது.

மரக்காணம் போன்ற கரையோர ஊர்களில் இந்தத் தடை உயர்வதற்கு ஒரு விந்தையான பின்னணி உண்டு. உள்நாட்டு ஊர்களில் புவியிணைப்புக்குக் குழி தோண்டும்போது, ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நட்டு, அதனைச் சுற்றிக் கரியையும் உப்பையும் அடுக்கடுக்காக இட்டு நீர் ஊற்றுவது மரபு. உப்பு, மண்ணின் மின்தடையைக் குறைக்கிறது. உப்பளக் கரையில் மண்ணே உவர்மண். புவியிணைப்புக்கு இதைவிட ஏற்ற நிலம் அமைவது அரிது. ஆனால் மின்தடையைக் குறைக்கும் அதே உப்பு, குழாயையும் அதனோடு கம்பியைப் பிணைக்கும் திருகாணியையும் தின்றுவிடுகிறது. சுவரில் பச்சைக் கம்பி ஒழுங்காக இறங்கிச் செல்வது போலத் தோன்றும். மண்ணுக்குள் அதன் முனை துருவாய் உதிர்ந்து, எதனோடும் தொடர்பின்றி நிற்கும். மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளைச் செப்பனிடும் குடும்பங்கள், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு புவியிணைப்பின் தடையையும் ஆண்டுதோறும் அளக்கச் செய்வது பொருத்தமான வழக்கமாக அமையும்.

நல்ல உவர்மண் வேறொரு தவற்றுக்கும் இடம்கொடுக்கிறது. நடுநிலைக் கம்பி அறுந்துபோனால், மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை நட்டு அதையே நடுநிலையாகக் கொண்டு கருவியை இயக்குவோர் உண்டு. உவர்மண் நன்கு கடத்துவதால் பாட்டும் கேட்கும். ஆனால் கருவியின் மின்னோட்டம் முழுவதும் அக்கம்பியின் வழியே மண்ணில் இறங்குகிறது. கோழி மேய்ந்தோ, குழந்தை விளையாடியோ அந்தக் கம்பி பிடுங்கப்பட்டால், பிடுங்கிய கையே அடுத்த பாதையாகிவிடும்.

உம் என்னும் இரைச்சல்

ஒலிக்கருவிகளுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. தொலைக்காட்சி, கணினி, ஆம்ப்ளிபயர் ஆகியவற்றை ஒலிக்கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்தவுடன், பாட்டின் அடியில் ‘உம்’ என்று இடைவிடாத இரைச்சல் எழுவதைப் பலரும் கேட்டிருப்பர். கருவிகள் வெவ்வேறு மின்பொருத்துவாய்களில் செருகப்பட்டிருக்கும்போது, அவற்றின் புவியிணைப்புகளுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு நிலவுகிறது. அவ்வேறுபாட்டால் ஒலிக்கம்பியின் வெளியுறை வழியே மின்னோட்டம் பாய்கிறது. நொடிக்கு 50 முறை அதிரும் அம்மின்னோட்டத்தை ஆம்ப்ளிபயர் பெருக்கித் தருவதே அந்த இரைச்சல்.

இதற்கு ஊர்தோறும் ஒரே மருத்துவம்தான் கையாளப்படுகிறது. செருகியின் மூன்றாவது முனையைக் கழற்றிவிடுவது. அல்லது இருமுனை மாற்றியைப் பொருத்துவது. அதுவும் இல்லையெனில் செருகியையே வெட்டியெறிந்து, இரு கம்பிகளையும் பொருத்துவாயில் நுழைத்துத் தீக்குச்சியால் இறுக்குவது. இரைச்சல் உடனே மறைகிறது. மறைவதால், செய்தது சரி என்னும் நம்பிக்கையும் பிறக்கிறது. உண்மையில் அங்கே நீக்கப்பட்டது பழுதன்று. பழுது நேர்ந்தால் மின்சாரம் இறங்கிச் செல்வதற்கு இருந்த பாதை. மேலும், ஒலிக்கம்பிகள் கருவிகளின் உறைகளையெல்லாம் பிணைத்திருப்பதால், ஒன்றில் ஏற்படும் கசிவு அனைத்துக்கும் பரவக்கூடும். ஆம்ப்ளிபயரில் நேர்ந்த பழுதைக் கணினியின் உறையிலோ ஒலிவாங்கியின் பிடியிலோ ஒருவர் உணர நேரிடும்.

உலக அளவில் பெயர்பெற்ற இசைக்கலைஞர்களும் இவ்வாறு உயிரிழந்துள்ளனர். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், ‘ஸ்டோன் தி க்ரோஸ்’ இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, புவியிணைப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். மின்கிதாரின் தந்திகள் ஆம்ப்ளிபயரின் புவியிணைப்போடு தொடர்புடையவை. எனவே ஒரு கை தந்தியிலும் மறு கை ஒலிவாங்கியிலும் இருக்கும்போது மின்சாரம் கையிலிருந்து கைக்கு, நெஞ்சின் குறுக்கே பாயும். பாதைகளுள் மிகக் கொடியது அதுவே. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1976 மே மாதத்தில், ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகராக விளங்கிய கீத் ரெல்ஃப், முறையாகப் புவியிணைப்புச் செய்யப்படாத மின்கிதாரை இலண்டனில் தம் வீட்டில் வாசித்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 33. பெரிய மேடையில்லை, மழையில்லை, கூட்டமில்லை. தம் வீட்டில் தமக்காக வாசித்துக்கொண்டிருந்தார்.

இரைச்சலைப் போக்க நேரிய வழிகள் உள்ளன. இணைக்கப்பட்ட கருவிகள் எல்லாவற்றையும், முறையான புவியிணைப்புள்ள ஒரே மின்பொருத்துவாயிலிருந்து பிரியும் நீட்டிப்புப் பலகையில் செருகினால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். அடங்கவில்லையெனில், ஒலிக்கம்பியின் இடையே பொருத்தும் சிறிய பிரிப்பு மின்மாற்றிகள் கடைகளில் கிடைக்கின்றன. தடுக்கவேண்டியது ஒலிக்கம்பியில்; மின்கம்பியில் அன்று.

இரண்டு முனைகளோடு வரும் கருவிகள் எல்லாமே தவறானவையோ என்னும் ஐயம் எழலாம். அப்படியன்று. கருவியின் பின்புறத்தில் சதுரத்துக்குள் சதுரம் வரையப்பட்டிருந்தால், அது இரட்டைக் காப்புடையது என்று பொருள்; அதற்குப் புவியிணைப்பு தேவையில்லை. மூன்று முனையோடு தயாரிக்கப்பட்ட கருவியை இருமுனையாக்குவதே குற்றம்.

தெரிந்து தெளிவோம்

வால்வு வானொலிகள் சிலவற்றில், உள்ளிருக்கும் இரும்புச் சட்டகமே மின்கம்பி ஒன்றுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருந்தது. மரப்பெட்டியும் பேக்லைட் குமிழ்களும்தாம் கேட்பவருக்குக் காப்பு. பரணிலிருந்து இறக்கிய பழைய வானொலியில் குமிழ் உடைந்திருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தண்டைத் தொடலாகாது.

பெட்டிக்குள் தேங்கிய மின்சாரம்

சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களை வாங்கி, உள்ளூர்க் கைவினைஞர் பொருத்தித் தரும் ‘அசெம்பிள் செட்’ தமிழ்நாட்டின் இசை விருப்பத்தில் தனி இடம் பெற்றது. விலை குறைவு, ஓசை மிகுதி, பழுதானால் பொருத்தியவரே சரிசெய்து தருவார். அந்தக் கைத்திறனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் அப்பெட்டிகள் பலவற்றில் புவியிணைப்புக் கம்பி உறையோடு இணைக்கப்படுவதேயில்லை. வாங்குவோர் ஓசையைச் சோதிக்கின்றனர். மூன்றாவது கம்பி எங்கே முடிகிறது என்று கேட்பதில்லை. கேட்டால், பொருத்தித் தருவதற்கு ஒரு திருகாணியும் சில நிமிடங்களும் போதும்.

ஆம்ப்ளிபயரின் உள்ளே உருளை வடிவில் நிற்பவை மின்தேக்கிகள். செருகியைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்னூட்டம் தேங்கியிருக்கும். இக்காலக் கருவிகளின் மின்வழங்கிப் பகுதியில் இவ்வழுத்தம் 325 வோல்ட் வரை இருக்கக்கூடும். 230 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்ச மதிப்பு அது. இணைப்பைத் துண்டித்தாயிற்று என்று உடனே பெட்டியைத் திறந்து கைவிடுவது, பயிற்சி இல்லாதார் செய்யத்தகாத செயல்.

கைப்பேசியில் மின்னேற்றிக்கொண்டே செவிப்பொறியில் பாட்டுக் கேட்பதும் இவ்வகையில் சேரும். தரமான மின்னேற்றியில் 230 வோல்ட்டுக்கும் கைப்பேசிக்கும் இடையே உறுதியான காப்பு உண்டு. மலிவான போலிகளில் அது பெயரளவுக்கே இருக்கும். அந்தக் காப்பு உடைந்தால், மின்சாரத்துக்கும் காதுக்கும் இடையே நிற்பது மெல்லிய கம்பி மட்டுமே. இந்தியத் தர நிறுவனத்தின் பதிவெண் உள்ளதா எனப் பார்த்து வாங்குவது நலம்.

வீட்டை விட்டு வெளியே

ஆடி மாதத்தில் கூழ் வார்க்கும்போதும், காதணி விழா நடைபெறும்போதும், வீட்டின் ஒலிக்கருவி முற்றத்துக்கு வருகிறது. மணலில் கிடக்கும் நீட்டிப்புப் பலகை, பந்தக்காலில் சுற்றிய ஒட்டுப்போட்ட கம்பி, மூங்கிலின் உச்சியில் கூம்பு ஒலிபெருக்கி என எல்லாம் ஒரே நாளில் கூடிவிடும். ஒட்டுகளில் சுற்றும் ஒட்டுநாடா இரவுப் பனியைத் தாங்காது. நீட்டிப்புப் பலகையைத் தரையில் இடாமல், நாற்காலியின் மீதோ உலர்ந்த பலகையின் மீதோ வைக்க வேண்டும். மூங்கிலை நிமிர்த்துமுன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசியதால் 11 பேர் உயிரிழந்ததைத் தமிழகம் மறந்திருக்காது. உயரழுத்தக் கம்பி உலர்ந்த மூங்கிலையும் பொருட்படுத்துவதில்லை.

புயலும் இக்கரைக்குப் புதிதன்று. 2011 டிசம்பரில் தானேவும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சலும் புதுச்சேரிக் கரையைத் தாக்கின. ஃபெஞ்சலின்போது விழுப்புரம் மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது. இடி மின்னல் தொடங்குமுன்னரே செருகியோடு அலைவாங்கிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். விசையை அணைத்தால் மட்டும் போதாது. வெள்ளத்தில் நனைந்த ஒலிக்கருவியை வெயிலில் காயவைத்து உடனே இயக்குவது பொதுவாக நேரும் தவறு. நீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் நாள் பகலில் கருவி பாடும். ஈரம் ஏறிய இரவில் என்ன நேரும் என்பது முன்னரே கூறப்பட்டது.

முப்பது மில்லிஆம்பியர்

உருகி காக்காத ஆளைக் காப்பதற்கெனவே அமைந்த கருவி, கசிவு மின்னோட்டத் துண்டிப்பான். மின்பணியாளர் இதனை ‘ஆர்.சி.சி.பி.’ என்பர். மின்னோட்டக் கம்பியில் செல்லும் மின்னோட்டமும் நடுநிலைக் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என இது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. சென்றதில் 30 மில்லிஆம்பியர் திரும்பவில்லையெனில், அது வேறு எவ்வழியிலோ மண்ணில் இறங்குகிறது என்று பொருள். அவ்வழி ஒருவரின் உடலாக இருக்கலாம். நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிப்பான் இணைப்பை அறுத்துவிடும். முன்பு கூறிய 200 ஓம் புவியிணைப்பில் உருகி உறங்கிக்கொண்டிருந்ததே, அங்கே கசியும் 1.15 ஆம்பியர் இதற்குப் பேரளவு. எவரும் தொடுமுன்னரே இது விழித்துக்கொள்ளும். துண்டிப்பானின் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் மின்சாரம் நிற்கவில்லையெனில் துண்டிப்பானை மாற்ற வேண்டும்.

கடற்கரை வீடுகளில் இத்துண்டிப்பான் இரவில் அடிக்கடி விழுவதுண்டு. தொல்லை தாளாமல் அதனைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக்கொள்வோர், மூன்றாவது முனையை வெட்டியவர் செய்த அதே பிழையைச் செய்கின்றனர். துண்டிப்பான் விழுவது ஒரு செய்தி. கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால், எதைச் செருகும்போது விழுகிறதோ அதில் கசிவு இருப்பது தெரிந்துவிடும். மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, தெருக்கம்பத்தில் கசிவு தென்பட்டாலோ, தமிழ்நாடு மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண்ணாகிய 94987 94987 இல் எந்நேரமும் தெரிவிக்கலாம்.

ஒருவர் விழுந்துவிட்டால்

மின்சாரம் தாக்கியவரை ஓடிச்சென்று தூக்க முனைவது இயல்பான உணர்வு. தாயோ தம்பியோ அவ்வாறு ஓடித் தொட்டு, ஒரே வீட்டில் இருவர் விழுவதும் இதனால்தான். முதலில் செய்ய வேண்டியது முதன்மை விசையை அணைப்பது. விசை எட்டாத இடத்தில் இருந்தால், உலர்ந்த மரக்கட்டையாலோ நெகிழி நாற்காலியாலோ அவரை மின்தொடர்பிலிருந்து தள்ளிவிட வேண்டும். உலர்ந்த என்னும் சொல் உப்பளக் கரையில் அழுத்திச் சொல்லத்தக்கது. வீட்டு வாயிலில் சாத்தியிருக்கும் உப்பு வாரும் பலகை மரத்தால் ஆனதுதான். ஆனால் பருவம் முழுதும் உவர்நீரில் ஊறிய அந்த மரம் மின்சாரத்தைக் கடத்தும். கைக்கு முதலில் எட்டும் அப்பலகையை எடுக்கலாகாது.

தொடர்பு நீங்கியதும், அவர் மூச்சு விடுகிறாரா எனப் பார்க்க வேண்டும். உடனிருப்பவர் 108 ஐ அழைக்கட்டும். மூச்சும் அசைவும் இல்லையெனில், காத்திராமல் மார்பழுத்தம் தொடங்க வேண்டும். மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மீது மறு கையைப் பதித்து, வளர்ந்தவராயின் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இது சற்று விரைந்த நடையுடைய பாட்டின் தாளவேகம். களைப்பு ஏற்பட்டால் அடுத்தவர் தொடர வேண்டும். மருத்துவ ஊர்தி வரும்வரை நிறுத்தலாகாது. மின்சாரத்தால் குலைந்த இதயத்துடிப்பை மருத்துவக் கருவியால் மீட்க இயலும். அதுவரை மூளைக்குக் குருதி சென்றுகொண்டிருக்க வேண்டும் என்பதற்கே இந்த அழுத்தம்.

தாக்கப்பட்டவர் எழுந்து அமர்ந்து, ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடும். அப்போதும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தோலில் சிறு கரும்புள்ளி மட்டும் தெரியும்போதும், உள்ளே தசைகள் வெந்திருக்கலாம். இதயத்துடிப்பில் கோளாறு தோன்றியிருக்கலாம். இதயமின்னலை வரைபடம் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் உள்ள ஒலிக்கருவிகளின் செருகிகளை, மின்னிணைப்பைத் துண்டித்தபின், பெரியவர் ஒருவர் முன்னிலையில் பார்வையிடுக. மூன்று முனை உடையவை, சதுரத்துக்குள் சதுரக் குறியுடையவை, இரண்டும் இல்லாதவை எனப் பிரித்து அட்டவணைப்படுத்துக.

2. புவியிணைப்பின் தடை 5 ஓம், 50 ஓம், 200 ஓம் எனக் கொண்டு, ஒவ்வொரு நிலையிலும் பாயும் மின்னோட்டத்தைக் கணக்கிடுக. எந்நிலையில் 5 ஆம்பியர் உருகி மெதுவாகவேனும் அறாமல் இருந்துவிடக்கூடும் என்று வகுப்பில் கலந்துரையாடுக.

3. ஊர்த் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அமைக்கும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, இரைச்சலைப் போக்க அவர் கையாளும் முறைகளைக் கேட்டறிந்து நேர்காணலாக எழுதுக.

4. சிறுபாணாற்றுப்படையில் இடம்பெறும் நெய்தல் நிலச் செய்திகளை நூலகத்தில் தேடிப் படித்து, இன்றைய உப்பளத் தொழிலாளர் வாழ்வோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.